பாட்டியின் பேச்சுக்கு ஓர் ஓரக்கோடு

"ஏம்மா, நான் எப்போ அப்படிச் சொன்னேன்?"

சென்ற பருவ விடுமுறையில் என் பாட்டி கேட்ட இந்தக் கேள்விக்கு என்னிடம் உடனே பதில் இல்லை. பதிலைத் தேடிப் போனபோது கணினியில் பக்கம் அமைப்பதைப் பற்றி நிறையக் கற்றுக்கொண்டேன். அதைவிட முக்கியமான ஒன்றையும் கற்றுக்கொண்டேன். அடுத்தவர் சொன்னதை நாம் எழுதும்போது, அவர் பேச்சு எங்கே முடிகிறது, நம் பேச்சு எங்கே தொடங்குகிறது என்பதை ஒரு வரிகூடப் பிசகாமல் காட்ட வேண்டும். இடுபணி, ஆய்வேடு, பள்ளி மலர் என்று ஏதாவது எழுதிக்கொண்டிருக்கும் மாணவர்கள் அனைவருக்கும் இது உதவும் என்பதால் நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

பாட்டி நெகிரி செம்பிலான், ரந்தாவ் வட்டாரத் தோட்டம் ஒன்றில் இருபது ஆண்டுகளுக்கும் மேல் பால்மரம் வெட்டியவர். அந்தத் தோட்டத்தில் இப்போது செம்பனை நிற்கிறது. லயன் வீடுகள் இருந்த இடம் தாமானாகிவிட்டது. பல்கலைக்கழகத்தில் வாய்மொழி வரலாற்றுப் பாடம் எடுத்தபோது நான் தேர்ந்தெடுத்தது பாட்டியின் கதையைத்தான். கைப்பேசியில் பல மாலைகள் பதிவு செய்தேன். விரிவுரையாளருக்கு மலாய் மொழியில் ஓர் அறிக்கை கொடுத்தேன். குடும்பத்துக்காகத் தமிழில் நாற்பது பக்கத்தில் ஒரு சிறு நூல் தயாரித்தேன்.

நூலில் இரண்டு குரல்கள் இருந்தன. ஒன்று, பாட்டி பேசியது. மற்றொன்று, இடையிடையே நான் எழுதிய விளக்கம். பாட்டியின் பேச்சு சில இடங்களில் மூன்று பக்கம் வரை நீண்டது. மேற்கோள் குறி தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று என்றுதான் வரும். நடுவில் ஒரு பக்கத்தைத் திறப்பவருக்கு அது யார் பேச்சு என்று தெரியாது. ஆகவே பாட்டி பேசும் இடமெங்கும் பத்தியின் இடப்பக்கத்தில் மேலிருந்து கீழாக ஒரு கோடு இட்டேன். கோடு இருந்தால் பாட்டி, இல்லாவிட்டால் நான். முன்னுரையிலும் இதை எழுதிவைத்தேன்.

அச்சிட்டு எடுத்து வந்த அன்று மாலை, என் சித்தப்பா மகன் பாட்டிக்கு வாசித்துக் காட்டினான். பதினோராம் பக்கத்தில் கோட்டுக்குப் பக்கத்தில் இருந்த வரியை அவன் படித்தான்: அந்தக் காலத் தோட்ட மக்கள் எதையும் எதிர்த்துக் கேட்டுப் பழகாதவர்கள். அப்போதுதான் பாட்டி அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"மழை நாள்ல பிரட்டுக்கு வந்து நின்னும் வேலை இல்லேன்னு திருப்பி அனுப்பினாங்க. நாங்க எட்டுப் பொம்பளைங்க ஆபீஸ் வாசல்ல போய் நின்னோம். அதத்தானே சொன்னேன்? எதிர்த்துக் கேக்கலேன்னு எப்போ சொன்னேன்?"

அவர் சொன்னது உண்மை. எட்டுப் பெண்கள் போய் நின்ற கதை நூலில் இருந்தது. ஆனால், அந்த ஏழு வரிகளுக்குப் பக்கத்தில் கோடு இல்லை. அவை என் கற்பனை போல நின்றன. அவற்றுக்குக் கீழே நான் எழுதிய விளக்கத்தின் பக்கத்தில் கோடு நின்றது. என் கருத்து பாட்டியின் வாக்குமூலம் ஆகிவிட்டது.

கோடு எப்படித் தடம் மாறியது?

தவறு எளிமையானது. உங்களில் பலரும் இதைச் செய்திருப்பீர்கள். மைக்ரோசாப்ட் வேர்டில் வடிவங்கள் பகுதிக்குப் போய், ஒரு நேர்கோட்டை எடுத்து, பத்தியின் பக்கத்தில் சுட்டியால் இழுத்து வைத்தேன். பக்கத்தின் மேல்விளிம்பிலிருந்து இத்தனை சென்டிமீட்டர் என்று அதன் இடத்தை நிலைநிறுத்தினேன். எல்லாப் பக்கத்திலும் இப்படியே செய்தேன். திரையில் அழகாகத்தான் இருந்தது.

அச்சுக்குப் போகும் முந்திய இரவில், ஒன்பதாம் பக்கத்தில் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒரு பத்தி சேர்த்தேன். ஏழு வரிகள். அதன்பின் வந்த எழுத்தெல்லாம் ஏழு வரி கீழே இறங்கியது. கோடுகள் இறங்கவில்லை. ஏனெனில், அவற்றுக்கும் எழுத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. எழுத்துக்குமேல் வைத்த குச்சிகள் போல அவை பழைய இடத்திலேயே கிடந்தன.

அதாவது, நான் கோட்டைத் தாளுக்குச் சொந்தமாக்கியிருந்தேன். அது சொல்லுக்குச் சொந்தமாகியிருக்க வேண்டும்.

பக்கம் முடியும் இடம் யாருக்குத் தெரியும்?

சரி, கோட்டை எழுத்தோடு கட்டிவிடலாம் என்று அடுத்த பதிப்பை லேடெக்கில் அமைக்க முடிவு செய்தேன். கணிதம், பொறியியல் படிக்கும் மாணவர்கள் ஆய்வேடு எழுதப் பயன்படுத்தும் இலவச அச்சுக்கோப்பு முறை இது. இதன் அடித்தளம் டெக் என்ற நிரல். தம் நூலின் புதிய பதிப்புக்காக 1977-இல் வந்த அச்சுப்படி அழகாக இல்லை என்று மனம் நொந்த ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்ட் கனூத், தாமே உருவாக்கியது. அதன்மேல் 1980களில் லெஸ்லி லாம்போர்ட் எழுதியதுதான் லேடெக்.

தமிழுக்கு இது உடனே கிடைத்துவிடவில்லை. 'கொ' என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கணினியின் நினைவில் முதலில் 'க', பிறகு ஒகரக் குறி. அச்சிலோ கொம்பு முன்னே, ககரம் நடுவே, கால் பின்னே வர வேண்டும். யூனிகோடு எழுத்துருவைக் கொண்டு இந்த இடமாற்றத்தைத் தானே செய்யும் ஸீடெக் என்ற வடிவத்தை ஜொனாதன் கியூ 2004-இல் வெளியிட்டார். அதன்பிறகு தமிழில் நேரடியாகத் தட்டச்சு செய்து லேடெக்கில் நூல் அமைக்க முடிந்தது. கணினியில் தமிழ் என்றதும் நம் நாட்டு முத்து நெடுமாறனை நினைக்காமல் இருக்க முடியாது. 1985-லேயே முரசு மென்பொருளை உருவாக்கியவர் அவர்.

லேடெக்கில் என் முதல் முயற்சியும் தோல்விதான். பாட்டியின் பேச்சை ஒரு பெட்டிக்குள் வைத்து, பெட்டியின் இடப்பக்கத்தில் மட்டும் கோடு இட்டேன். அரைப்பக்கப் பேச்சு, பக்கத்தில் மிச்சமிருந்த இடத்தில் அடங்கவில்லை. பெட்டி முழுவதும் அடுத்த பக்கத்துக்குத் தாவியது. முந்திய பக்கத்தின் அடிப்பாதி வெறுமையாக நின்றது. மூன்று பக்கப் பேச்சோ இன்னும் மோசம். முதல் பக்கத்தில் தொடங்கி, தாளின் அடிவிளிம்பைத் தாண்டி ஓடி மறைந்தது. பாட்டியின் கதையில் இரண்டு பக்கத்தைக் காணோம்!

காரணத்தைத் தேடிப் படித்தபோது டெக் வேலை செய்யும் விதம் புரிந்தது. எழுத்துகளை அது வரிகளாக்குகிறது. வரிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக ஒரு நீண்ட சுருளைப் போல அடுக்குகிறது. சுருள் ஒரு பக்கத்துக்குப் போதுமான நீளம் வந்ததும், எந்த இரு வரிகளுக்கு நடுவே வெட்டினால் நன்றாக இருக்கும் என்று கணக்கிட்டு வெட்டுகிறது. பெட்டி என்பது டெக்கின் கண்ணுக்கு ஒரே ஒரு பொருள். அதற்குள் நூறு வரி இருந்தாலும் அதன் நடுவே வெட்டாது.

கோட்டின் சிக்கலும் இங்கேதான். கோடு வரைய அதன் நீளம் தெரிய வேண்டும். பக்கம் எங்கே வெட்டுப்படும் என்று தெரிந்தால்தான் நீளம் தெரியும். பக்கமோ எழுதி முடித்து அடுக்கிய பிறகுதான் வெட்டப்படுகிறது. எழுதுகிற எனக்கு அது தெரியாது. தெரிந்த மாதிரி நினைத்துக்கொண்டு கோட்டை இழுத்து வைத்ததுதான் முதல் பதிப்பில் நான் செய்த பிழை.

மூன்று வழிகள்

உலகெங்கும் லேடெக் பயன்படுத்துவோருக்கு இதே தலைவலி இருந்திருக்கிறது. அவர்கள் கண்ட தீர்வுகளை மூன்று வகையாகச் சொல்லலாம்.

முதல் வகை, வெட்டிவிட்டு வரைவது. டொனால்ட் ஆர்சனோ எழுதிய பிரேம்ட் என்ற தொகுப்பு இப்படிச் செய்கிறது. பேச்சு முழுவதையும் முதலில் சேகரித்து வைத்துக்கொள்கிறது. பக்கத்தில் மிச்சமிருக்கும் இடத்துக்கு ஏற்ற அளவை அதிலிருந்து வெட்டி எடுக்கிறது. எடுத்த துண்டின் உயரத்துக்குச் சரியாக ஒரு கோடு வரைகிறது. மீதியை அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோய் மறுபடியும் அப்படியே செய்கிறது. தாமஸ் ஸ்டுர்ம் எழுதிய டிசிகலர்பாக்ஸ் தொகுப்பிலும் பெட்டி பக்கம் தாண்டி உடையலாம் என்று அனுமதி கொடுத்து, இடப்பக்கக் கோட்டை மட்டும் கேட்டுப் பெறலாம்.

இரண்டாம் வகை, நினைவில் வைத்து வரைவது. சேஞ்ச்பார் என்ற தொகுப்பு பேச்சு தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் கண்ணுக்குத் தெரியாத குறி வைக்கிறது. முதல் ஓட்டத்தில் அந்தக் குறிகள் எந்தப் பக்கத்தில் விழுந்தன என்பதைத் துணைக்கோப்பு ஒன்றில் எழுதிக்கொள்கிறது. மறு ஓட்டத்தில் அந்தக் குறிப்பைப் பார்த்துக் கோட்டைச் சரியான இடத்தில் போடுகிறது. ஆகவே, எழுத்தை மாற்றியபின் ஒரே ஒரு முறை ஓட்டிவிட்டு அச்சிட்டால் கோடு பழைய இடத்தில் நிற்கக்கூடும்.

மூன்றாம் வகை, வரிக்கு வரி வரைவது. ஒவ்வொரு வரியும் தன் ஓரத்தில் ஒரு சிறு துண்டுக் கோட்டைச் சுமந்து வருகிறது. துண்டுகள் ஒன்றன்கீழ் ஒன்று சேர்ந்து ஒரே கோடாகத் தெரிகின்றன. வரி எந்தப் பக்கத்துக்குப் போனாலும் அதன் கோடும் கூடவே போகும். ஆனால், பத்திகளுக்கு இடையே கூடுதல் இடைவெளி விட்டால் அங்கே கோடு அறுந்து தெரியலாம்.

நான் முதல் வகையைத் தேர்ந்தெடுத்தேன். வழி எதுவானாலும் மூன்றுக்கும் பொதுவான ஒன்று உண்டு. கோடு எங்கே நிற்க வேண்டும் என்று மூன்றும் எழுத்தைத்தான் கேட்கின்றன, தாளைக் கேட்பதில்லை.

வேர்டிலேயே செய்ய முடியாதா?

முடியும். லேடெக் கற்க நேரமில்லாத எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். மாணவர்களுக்காக இதைச் சொல்கிறேன். கோட்டை வடிவமாக இழுத்து வைக்காதீர்கள். பத்தியைத் தேர்ந்தெடுத்து, எல்லைக்கோடுகள் பகுதியில் இடப்பக்க எல்லையை மட்டும் இயக்குங்கள். அது பத்தியின் பண்பாகிவிடும். பத்தி பக்கம் தாண்டினால் கோடும் தாண்டும். கூகள் டாக்ஸிலும் பத்திக்கு இடப்பக்க எல்லை இடலாம்.

இரண்டு எச்சரிக்கைகள். அடுத்தடுத்த இரண்டு பத்திகளின் உள்தள்ளல் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒன்று சற்று விலகினாலும் கோடு நேராக ஓடாமல் உடைந்து நிற்கும். இடையில் எல்லையில்லாத வெற்றுப் பத்தி ஒன்று இருந்தாலும் அங்கே கோடு அறுந்துபோகும். இதற்கு நல்ல வழி, 'பாட்டி பேச்சு' என்று ஒரு பாணியை ஒருமுறை உருவாக்கி, வேண்டிய பத்திகளுக்கெல்லாம் அதையே இடுவதுதான். பின்னாளில் கோட்டின் தடிமனையோ நிறத்தையோ மாற்ற நினைத்தால் ஓரிடத்தில் மாற்றினால் போதும்.

ஓரக்கோடு சின்ன விஷயம் அல்ல

ஒரு கோட்டுக்கு இவ்வளவு பாடா என்று தோன்றலாம். ஆனால், பக்க ஓரத்துக் கோட்டை நம்பி வேலை செய்பவர்கள் பலர். விமானப் பராமரிப்புக் கையேடுகள் திருத்தப்படும்போது, மாறிய வரிகளின் ஓரத்தில் செங்குத்துக் கோடு இடுவது வழக்கம். முன்பு படித்ததிலிருந்து எது மாறியிருக்கிறது என்பதைப் பொறியாளர் அந்தக் கோட்டை வைத்துத்தான் சட்டென்று கண்டுகொள்கிறார். 1970களில் யூனிக்ஸ் கணினிகளில் பயன்பட்ட டிராஃப் என்ற அச்சுக்கோப்பு நிரலிலேயே, மாறிய வரிகளின் ஓரத்தில் குறி இடுவதற்குத் தனிக் கட்டளை இருந்தது. நாம் வேர்டில் திருத்தங்களைக் கண்காணிக்கும் வசதியை இயக்கும்போது ஓரத்தில் தோன்றும் கோடும் அந்த மரபில் வந்ததே.

எது யாருடைய சொல் என்ற சிக்கல் தமிழுக்கும் புதிதல்ல. ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமல், பத்தி பிரிக்காமல், ஓலையின் முழு நீளத்துக்கும் எழுதிச் செல்வது வழக்கம். செய்யுளும் அதற்கு வேறொருவர் எழுதிய உரையும் ஒரே தொடராக ஓடும். பழைய நூல்களைப் பதிப்பித்தவர்கள் செய்த பெரும்பணிகளில் ஒன்று, இது மூலம், இது உரை என்று பிரித்துக் காட்டியது. உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையோடு வெளியிட்டார். மூல ஆசிரியரின் வார்த்தை எது, உரைகாரரின் வார்த்தை எது என்று இன்று நாம் குழம்பாமல் படிக்கிறோம் என்றால், அது இத்தகைய பதிப்பாசிரியர்களின் உழைப்பால்தான்.

மரத்தில் இருந்த கோடு

இரண்டாம் பதிப்பு வேலை நடந்தபோது பாட்டி கேட்டார்: "அந்தக் கோடு ஏன்மா நகர்ந்துச்சு?"

"கோடு நகரல பாட்டி. எழுத்து நகர்ந்திடுச்சு. கோடு அங்கேயே நின்னுடுச்சு."

பாட்டி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பால்மரத்தில் கோடு போடுவதைப் பற்றிச் சொன்னார். புதிய மரத்தில் வெட்டு தொடங்குமுன், தகடு வைத்து அளந்து பட்டையில் கோடு கீறுவார்கள். மரத்தின் சுற்றளவில் பாதியை அடைத்தாற்போல, மேலிருந்து கீழாக இரண்டு நேர்கோடுகள். வெட்டு இடப்பக்கக் கோட்டில் உயரத்தில் தொடங்கி, சரிந்து இறங்கி, வலப்பக்கக் கோட்டில் முடியும். அங்கிருந்து பால் நேராக வழிந்து மங்கில் விழும். ஒருமுறை வெட்டும்போது சீவப்படும் பட்டை ஒன்றரை மில்லிமீட்டர் அளவுதான். வெட்டு நாளுக்கு நாள் கீழே இறங்கிக்கொண்டே போகும். ஆண்டுகள் ஆனாலும் இரண்டு கோடுகளும் அந்த மரத்தோடேயே இருக்கும்.

"கோட்டைத் தாண்டி வெட்டினா?" என்று கேட்டேன்.

"தாண்டக் கூடாதும்மா. அந்தப் பக்கப் பட்டை பின்னால வெட்டுறதுக்கு. இன்னைக்கே அதுல கை வெச்சா நாளைக்கு வர்றவனுக்கு என்ன இருக்கும்? தாண்டினா கங்காணி விடமாட்டார்."

லேடெக் கையேட்டில் பல மணி நேரம் தேடியும் எனக்கு இவ்வளவு தெளிவான விளக்கம் கிடைக்கவில்லை. கோடு மரத்தின் பட்டையிலேயே கீறப்படுகிறது. அதனால் எந்த நாள் வெட்டும் அதைத் தவறவிடுவதில்லை. அது எல்லை என்பதால் அந்தப் பக்கத்துக்குக் காவலாகவும் நிற்கிறது.

கோடு சரியானதும் தெரிந்த பிழை

இரண்டாம் பதிப்பில் கோடு பாட்டியின் பேச்சோடு ஒட்டிக்கொண்டு, பக்கம் தாண்டி, பேச்சு முடிந்த இடத்தில் நின்றது. எட்டுப் பெண்களின் கதைக்குப் பக்கத்தில் அது நிமிர்ந்து நின்றது. அடுத்த வரியில் என் விளக்கம், கோடு இல்லாமல், என் பெயரில் தனியாக நின்றது: எதையும் எதிர்த்துக் கேட்டுப் பழகாதவர்கள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கோடு இடம் மாறியது ஒரு தவறு. அதைவிடப் பெரிய தவறு, அந்த வாக்கியமே. எட்டுப் பேர் அலுவலக வாசலில் போய் நின்ற கதையைக் கேட்டு எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே அவர்கள் கேட்டுப் பழகாதவர்கள் என்று எப்படி எழுதினேன்? எங்கோ படித்ததை, பலரும் சொல்வதை, யோசிக்காமல் சேர்த்துவிட்டேன். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர்.எச். நாதன் போன்றோர் முன்னின்ற வேலைநிறுத்தத்தையும், 1954-இல் பி.பி. நாராயணன் தலைமையில் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தையும் பற்றி அதே பாடத்தில் படித்தவள்தான் நான். கேட்டுப் பழகாதவர்களா சங்கம் அமைத்தார்கள்? கோடு குழம்பியிருந்தவரை அந்த வாக்கியம் யாருடையது என்று தெரியாமல் ஒளிந்திருந்தது. கோடு சரியானதும் அதற்கு நான் பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

அந்த வாக்கியத்தை நீக்கினேன். அதன் இடத்தில், மழை நாள் கூலிக்காகப் போய் நின்ற அந்த எட்டுப் பேரில் இன்று எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பாட்டியிடம் கேட்டு, அவர் சொன்னதை எழுதினேன். அதுவும் கோட்டுக்குள்தான்.

நண்பர்களே, ரந்தாவ், லாபு, சிலியாவ், போர்ட்டிக்சன், பகாவ் என்று நெகிரி செம்பிலானில் எந்தப் பக்கம் போனாலும், தோட்டத்தில் வேலை செய்த தாத்தா, பாட்டி ஒருவராவது இருப்பார். தோட்டம் துண்டாடப்பட்டது, செம்பனைக்கு மாறியது, வீடமைப்புப் பகுதியானது எல்லாம் ஆவணங்களில் கிடைக்கும். பிரட்டுக் களத்தில் விடியற்காலையில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது அவர்களிடம் மட்டும்தான் கிடைக்கும். விடுமுறையில் கைப்பேசியை எடுத்துக்கொண்டு அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். எழுதும்போது அவர்கள் சொல்லுக்கும் உங்கள் சொல்லுக்கும் இடையே அறுந்துபோகாத ஒரு கோடு இடுங்கள். அச்சிடுமுன் ஒருமுறை அவர்களுக்கே வாசித்துக் காட்டுங்கள்.

இரண்டாம் பதிப்பைச் சித்தப்பா மகன் மறுபடியும் வாசித்தான். பதினோராம் பக்கம் வந்ததும் பாட்டி கையைக் காட்டி நிறுத்தி, "கோடு இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கு பாட்டி."

"அப்ப மேல படி."